எட்டா ஒன்பதா என்று தெரியாத ரூபாய்

காசு வியாபாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். ஓட்டை போட்ட காசுக்கு விலையில் எவ்வளவு கழிக்கலாம், ஈயம் வைத்துப் பற்ற வைத்த தடம் இருந்தால் எவ்வளவு, தேய்த்து மினுக்கியிருந்தால் எவ்வளவு. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றுகூட ஒருவர் கேட்டார். கொடுக்கலாம். ஆறாம் வகுப்போடு நின்றவன் கையெழுத்து என்பதால் படிப்பதற்கு நீங்கள்தான் கஷ்டப்பட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் தலையில் இருக்கும்போதே நான் ஒரு ரூபாயைக் கெடுத்திருக்கிறேன். காசைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பக்கத்தில் நின்றவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த வினை அது. உங்களுக்கும் பக்கத்தில் ஒருவன் நிற்பான். அதனால் சொல்கிறேன்.

என் பக்கத்தில் நின்றவன் தியாகதுருகத்துக்காரன். பெயர் வேண்டாம், அவன் பிள்ளைகள் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். எனக்கு ஊர் களமருதூர். கூலி வேலைக் குடும்பம். பள்ளிக்கூடத்தை விட்டதும் வீட்டையும் விட்டேன். லாரி கழுவினேன், அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன், ஒரு வருடம் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவரோடு சுற்றினேன். பிறகு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துப் பழைய பித்தளை வாங்கும் வேலை. பித்தளைச் சொம்புக்குள் சில நேரம் பழைய காசுகள் கிடக்கும். அப்படித்தான் இந்தத் தொழில் என் கையில் வந்தது. அவனும் அதே வேலையில் அதே மாதத்தில் சேர்ந்தவன். ஒரு சைக்கிளை மாற்றி மாற்றி மிதித்திருக்கிறோம். அவன் பத்தாவது வரை படித்தவன் என்பதைத் தவிர எங்களுக்குள் அன்றைக்கு ஏற்றத்தாழ்வு எதுவும் இல்லை.

முதல் ஏற்றத்தாழ்வு ஒரு பை செப்புக்காசில் வந்தது. தியாகதுருகம் மலைக்கோட்டை அடிவாரத்தில் யாரோ கொல்லை உழுதபோது கிடைத்தது. ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டோம். நான் என் பங்கைப் புளியில் ஊற வைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்தேன். புதுக் குத்துவிளக்குபோல் மின்னியது. அவன் தன் பங்கைப் பச்சைக் களிம்போடு அப்படியே கொண்டுவந்தான். புதுச்சேரியிலிருந்து வந்த சேகரிப்பாளர் அவனுடையதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து விலை சொன்னார். என்னுடையதைக் கையில் அள்ளி, "இது காசு இல்லப்பா, செம்பு" என்று தராசைக் காட்டினார். தோல் உரித்த காசு அது. அதில் எழுத்து இருந்தது, வயது போய்விட்டது.

இவனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குச் சொல்லாமல் விட்டான் என்று நினைத்தேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் நான் என்று ஆகிவிடும். ஏழெட்டு வருடம் அந்தக் கேள்வியை வயிற்றில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

அதற்குள் அவன் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை போட்டுவிட்டான். மூன்றடி அகலம். கண்ணாடி வைத்த மேசை, வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல், பித்தளை வளையம் போட்ட ஒரு பூதக்கண்ணாடி. மத்தியானம் அவன் மனைவி டிபன் கேரியரில் சோறு கொண்டுவருவாள். நான் எதிர்ப் பக்கம் டீக்கடையில் பன்னைக் கடித்துக்கொண்டு அவன் கடை வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்று எண்ணுவேன். அவனைச் சிலர் 'சார்' என்று கூப்பிட்டார்கள். அவன் காசை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்ப்பான். நானும் தங்கியிருந்த அறையில் ஒரு நாலணாவை வைத்துக்கொண்டு அதேபோல் சாய்த்துப் பழகினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறீர்கள்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம். எங்கள் பக்கம் சாலைகளில் புளிய மரங்களையும் வேப்ப மரங்களையும் வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. நடந்து போகிறவர்களைத் தடுக்கவில்லை. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் எனக்குத் தெரிந்த பையன்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. என் காலிலும் வலி இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

கச்சிராயபாளையத்தில் மாட்டிக்கொண்ட எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அவனுக்குக் கடை இருக்கிறது, எனக்குக் கால் இருக்கிறது. பஸ் ஓடாத ஊரில் கடைக்கு யார் வருவார்கள்? முதல்முறையாக நிலைமை என் பக்கம் இருந்தது. பாத்திர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினேன். மறுநாள் மத்தியானம் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிறிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஊரில் செல்லி என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். நான் பழைய காசு வாங்குகிறவன் என்றதும் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றி நீட்டினாள். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய். கயிறு கோக்க ஒரு கண்ணியைப் பற்ற வைத்திருந்தார்கள். கண்ணியைத் தலைப்பக்கம் வைக்காமல் அடிப்பக்கம் வைத்திருந்ததால் ராஜா தலைகீழாகத் தொங்கினார்.

"இன்னாம்மா, ஆசாரி மாத்தி வெச்சிட்டானா?" என்றேன்.

"மாத்தி இல்லண்ணா. எங்கம்மா சொல்லித்தான் வெச்சுது. ஊரு பாக்கறதுக்கா காசு? நான் குனிஞ்சி தூக்கிப் பாத்தா எனுக்கு நேரா தெரியணும், அதுக்குத்தான்."

தூக்கிக் காட்டினாள். அவள் கண்ணுக்கு ராஜா நேராகத்தான் இருந்தார்.

அவர்களிடம் இரண்டு மாடுகள் இருந்தன, ஒன்று செத்துவிட்டது. ஒற்றை மாட்டை வைத்து ஏர் ஓட்ட முடியாது. மழை பெய்து மண் பதமாக இருந்தது, கொள்ளு விதைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கோவிந்தனிடம் ஜோடி சேரக்கூடிய மாடு ஒன்று விற்பனைக்கு இருந்தது. ஆனால் அவன் சாலை திறந்ததும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அதற்குள் இந்த ரூபாயை விற்று அந்த மாட்டை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் செல்லியின் கணக்கு.

காசைத் திருப்பினேன். பலமாக இருக்க வேண்டும் என்று கண்ணியின் வாலை நடுவரை இறக்கி, ஈயத்தைத் தாராளமாக ஓட விட்டிருந்தார்கள். வருடத்தில் ஒன்று, ஒன்பது, மூன்று தெரிந்தன. கடைசி எண்ணின் மேல் வட்டம் மட்டும் தெரிந்தது. கீழ்ப்பாதி ஈயத்துக்குள் இருந்தது.

இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பத்தெட்டு என்றால் சாதாரண ரூபாய். பற்றுத் தடம் வேறு இருப்பதால் வெள்ளி விலைக்கு மேல் போகாது, மாட்டின் ஒரு காலைக்கூட வாங்க முடியாது. முப்பத்தொன்பது என்றால் நாட்டிலேயே கொஞ்சம்தான் இருக்கிறது. தடத்துக்குக் கழித்தாலும் ஒரு ஜோடி மாடு வாங்கி மிச்சமும் இருக்கும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் மேல் வட்டம் ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் கீழே, இடது பக்கத்தில், ஒரு எள் அளவு.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு சாய்த்துப் பார்த்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

"நீ இங்கதான் இருக்கியா?" என்றான் தியாகதுருகத்தான்.

தோல் செருப்பு கடித்துக் கால் இரண்டும் கொப்பளம். நடந்தே வந்திருக்கிறான். கூலி வேலைக்குக் கீழே இறங்கியிருந்த செல்லியின் புருஷன் போன மாதமே அவன் கடையில் போய்ச் சொல்லியிருக்கிறான், இப்படி ஒரு காசு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று. கடைக்கு ஆள் வராத நாளாகப் பார்த்து இவன் பூட்டிவிட்டு வந்துவிட்டான். எனக்கு நெஞ்சு எரிந்தது. நடப்பதிலாவது இவன் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா? அதைவிட, செல்லி அவனைப் பார்த்ததும் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் கேட்டு வாங்கிக் குடித்திருந்தேன்.

அவன் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு காசை அவள் கையிலேயே வைத்தான்.

"இது எட்டா ஒம்போதான்னு எனுக்குத் தெரியலம்மா."

"நல்லா பாருங்கண்ணா."

"நல்லாத்தான் பாத்தேன். ஈயத்த எடுத்தாத்தான் தெரியும். எடுக்கறதுக்கு எனுக்குத் தெரியாது. கள்ளக்குறிச்சியில ஒரு பத்தர் இருக்காரு. ரோடு தொறந்ததும் எடுத்துக்கினு வாங்க, உங்க எதிர்லயே பிரிச்சிக் காட்டச் சொல்றேன். அதுக்கு முன்னாடி வெல சொன்னா ஒண்ணு நான் ஏமாத்தணும், இல்ல ஏமாறணும்."

"அதுக்குள்ள மாடு போயிடுமே."

"தெரியுதும்மா. அதுக்காகத் தெரியாதத தெரியும்னு சொல்ல முடியுமா?"

நெருக்கடியில் சொல்லப்பட்ட சரியான வார்த்தை அது. இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு வேறு மாதிரி கேட்டது. இவ்வளவு நேரம் கண்ணாடி வைத்துப் பார்த்தவனுக்குத் தெரியாதா? ஒன்பது என்று பார்த்துவிட்டான். கடைக்கு வரவழைத்துத் தனியாக அமுக்கப் பார்க்கிறான். புளியில் என்னைக் கவிழ்த்த மாதிரி.

"இவுனுக்குத் தெரியும்மா," என்றேன். "தெரிஞ்சே சொல்ல மாட்டான். எனுக்கு இவுன இன்னிக்கி நேத்தா தெரியும்?"

"டேய், இன்னா பேசற நீ?"

"உண்மையத்தான் பேசறேன். ஈயம் எடுக்க பத்தர் எதுக்கு? நான் ஒரு வருசம் ஈயத்துலயே பொழச்சவன். இப்பவே இங்கியே எடுத்துக் காட்டறேன்."

"பித்தள சொம்புக்கு ஈயம் பூசறதும் இதுவும் ஒண்ணு இல்லடா. வேணாம், வுட்டுடு."

அவன் 'வேணாம்' என்றதுதான் எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதைச் செய்து காட்ட ஒரு சந்தர்ப்பம், அதுவும் அவன் கண் முன்னால்.

செல்லி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாட்டை நினைத்தாளோ என்னவோ, காசை என் பக்கம் நீட்டினாள்.

அடுப்பிலிருந்து கனல் கரி எடுத்து, அதன் மேல் காசை வைத்து, ஊதுகுழலால் ஊதினேன். ஈயம் இளகியது. கண்ணியைக் குறடால் எடுத்தபோது சுலபமாக வந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். எண்ணின் மேல் இன்னும் ஒரு மெல்லிய பூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அது போனால் தெரிந்துவிடும். தியாகதுருகத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான், அவன் மூச்சு என் தோளில் பட்டது. இன்னும் ஊதினேன். துணியால் வழித்துத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் காட்டினேன்.

அதிகச் சூட்டில் ஈயம் வெள்ளியைத் தின்னும். பித்தளையில் பிழைத்த எனக்கு அது தெரியாது. எண்ணின் மேல் வட்டம் அப்படியே இருந்தது. கீழ்ப்பாதி இருந்த இடத்தில் ஒரு பள்ளம். எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை.

தியாகதுருகத்தான் கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தான்.

"இப்ப எட்டாண்ணா, ஒம்போதா?" என்று செல்லி என்னைக் கேட்டாள்.

"தெரியலம்மா."

"அவுரு அப்பவே அதத்தான சொன்னாரு."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தியாகதுருகத்தான் வெள்ளி விலை சொன்னான், கொஞ்சம் கூட்டியே சொன்னான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். வெள்ளி விலைக்கு விற்பதற்கு அம்மா கொடுத்ததை எதற்கு விற்க வேண்டும் என்று கேட்டாள். அது சரிதான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன் கோவிந்தன். சிரித்தான். "காசப் பத்தி சண்ட போட்டுக்கினு ரெண்டு பேரும் காச தின்னுட்டீங்க. இப்ப இந்தப் பொண்ணு கொல்லைக்கு யாரு ஏரு பூட்டறது? நீ வந்து நிக்கறியா மாட்டுக்குப் பதிலு?" என்று என்னைக் கேட்டான்.

"நிக்கறேன்," என்றேன்.

அவன் வேடிக்கைக்குச் சொன்னான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த ஊரில் மாட்டுக்குப் பதில் ஆள் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் மாட்டை ஒரு நாள் ஏருக்கு இரவல் வாங்கினால், இரண்டு நாள் மாட்டுக்காரன் கொல்லையில் ஆள் வேலை செய்து கழிக்க வேண்டும். மாட்டை விற்கப்போவது உறுதி, ஆனால் சாலை திறக்கும் வரை செல்லியின் மாட்டோடு ஜோடி சேர்த்து ஓட்டட்டும், பதிலுக்கு நான் அவன் கொல்லையில் கல் பொறுக்கி மண் கொத்த வேண்டும் என்று முடிவாயிற்று. ஓட்ட வேண்டியது இரண்டு நாள். நான் கொடுக்க வேண்டியது நான்கு நாள்.

மறுநாள் காலையில் போனால் தியாகதுருகத்தானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நிற்கிறான்.

"நீ எதுக்கு? போய் உன் கடைய பாரு."

"கடையில யாருடா இருக்காங்க? ரெண்டு பேரு செஞ்சா ரெண்டு நாள்ல முடியும். ஏரும் சீக்கிரம் நடக்கும்."

எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. கெடுத்தவன் நான். அதைச் சரிசெய்கிற பெயரையாவது எனக்கென்று விட்டுவைக்கக் கூடாதா? ஆனால் அவனுக்குக் கொத்தத் தெரியவில்லை. பத்து மணிக்குள் உள்ளங்கையிலும் கொப்பளம் வந்துவிட்டது. நான் நாலு பாத்தி முடித்தபோது அவன் ஒன்றரையில் நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனை நான் ஜெயித்தேன், மண்வெட்டியில். கோவிந்தனைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் நிழலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டேன்.

"நெஜமா சொல்லு. கண்ணாடியில பாக்கச்சொல்லோ ஒம்போதுன்னு தெரிஞ்சிதா இல்லியா?"

"இன்னும் எத்தினி வாட்டி சொல்றது? தெரியலன்னா தெரியல."

"அப்ப அந்தச் செப்புக்காசு? நான் புளியில ஊற வெச்சேனே, உனுக்கு மட்டும் கழுவக் கூடாதுன்னு எப்பிடி தெரிஞ்சிது?"

அவன் யோசித்தான். எந்தக் காசு என்று நினைவுக்கு வரவே நேரமானது.

"அதுவா? எனுக்கு இன்னா தெரியும் அப்ப? சோம்பேறித்தனம்டா. நாளைக்கிக் கழுவிக்கலாம்னு அப்பிடியே போட்டு வெச்சேன். அதுக்குள்ள அந்த ஆளு வந்துட்டாரு."

சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவாமல் விட்ட ஒரு பை காசை வைத்து நான் அவனுக்குப் பெரிய மூளை ஒன்றைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த மூளையைப் பார்த்து நானே எரிந்திருக்கிறேன். அவன் பிறகு கற்றுக்கொண்டவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனிடம் நான் ஆசைப்பட்டிருக்க வேண்டியது கடையோ கண்ணாடியோ அல்ல. மாடு கைவிட்டுப் போகிறது என்று ஒருத்தி கெஞ்சும்போதுகூடத் 'தெரியல' என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார முடிந்ததே, அதைத்தான். என்னால் அரை நாழிகை அப்படி உட்கார முடியவில்லை.

புதியவர்களே, உங்களிடம் கெட்டுப்போன காசு வரும்போது, கெட்டது போதும் என்று ஒரு நிமிடம் அதைக் கீழே வையுங்கள். பக்கத்துக் கடைக்காரன் என்ன விலை சொன்னான் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இரண்டு நிமிடம் வையுங்கள். பழைய காயத்தோடு அது நூறு வருடம் இருந்திருக்கிறது. உங்கள் அவசரத்தைத்தான் அதனால் தாங்க முடியாது.

செல்லியின் கொல்லை உழுது முடிந்த மறுநாள் சாலை திறந்துவிட்டது என்று செய்தி வந்தது. கோவிந்தன் விடியும்போதே மாட்டை ஓட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. செல்லி அந்த மாடு வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பருவத்துக்குக் கொள்ளு விதைத்துவிட்டாள், அடுத்த பருவத்துக்கு அவளிடம் மறுபடியும் ஒற்றை மாடுதான்.

நாங்கள் கிளம்பும்போது காசை என் கையில் கொடுத்தாள்.

"கண்ணியத்தான் எடுத்துட்டியே, கயிறு எதுல கோக்கறது? ஒரு ஓட்ட போட்டுக் குடு."

காசுக்கு ஓட்டை போடுவது எங்கள் தொழிலில் பாவம். நான் தியாகதுருகத்தானைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

"எங்கம்மா போடறது?"

"அந்தப் பள்ளம் இருக்குதில்ல, அங்கியே போடு. அதுதான் கீழ்ப்பக்கம்."

ஒருவேளை அது நாட்டிலேயே கொஞ்சமாக இருக்கும் ரூபாய்களில் ஒன்றாக இருக்கலாம். என்றைக்காவது ஒருவன் வந்து அந்தப் பள்ளத்தின் ஓரத்தை வைத்தே எட்டா ஒன்பதா என்று சொல்லியிருக்கலாம். காசைக் கட்டையின் மேல் வைத்து, ஆணியைப் பள்ளத்தில் நிறுத்தி, மூன்று அடி அடித்தேன். ராஜா பக்கம் எழும்பிய பிசிறைக் கல்லில் தேய்த்து எடுத்தேன், கயிற்றை அறுக்கக் கூடாது, கழுத்தைக் கீறக் கூடாது. அவள் கயிற்றைக் கோத்துப் போட்டுக்கொண்டு குனிந்து தூக்கிப் பார்த்தாள். பிறகு ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நாங்கள் இறங்கினோம். அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டினான். இரண்டு வளைவு தாண்டினோம்.

"டேய்," என்றான் பிறகு. "ஓட்ட நல்லா வட்டமா வந்துருந்துது."

அதற்கு முன்பும் பின்பும் என் வேலையைப் பற்றி அவன் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைக் கேட்டு மலை இறங்கும் வரை எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.